விமானத்திற் கைத்தொலைபேசி: விதியும் அதன் காரணமும்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் கம்பனைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ எழுதித் தருவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். சில காலமாக எம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கும் வேறொரு பொருளைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம். விமானப் பயணத்தின்போது கைத்தொலைபேசி முதலாய இலத்திரனியற் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிய விதிகளே அப்பொருள். எமது பழைய மாணவருட் பலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அவர்கள் இவ்விழாவிற்கு வருவதும் மீள்வதும் விமானத்திலேயே ஆதலின், பொருள் விழாவிற்கு முற்றும் புறம்பானதன்று.

அண்மையிற் சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்குத் திரும்பிவந்த ஒரு பயணத்தில், எமது அருகிருக்கையில் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் தற்செயலாக வந்தமர்ந்தார். இப்பொழுது அவர் கணக்காளர். பெயரைச் சொன்னால் நாணுவார், விடுவோம். விமானம் புறப்படுமுன் வழக்கமான அறிவித்தல் ஒலித்தது. கைத்தொலைபேசிகளை 'பிளைற் மோட்' எனப்படும் நிலைக்கு மாற்றுக. பவர் பாங்குகளைப் பயன்படுத்தற்க. அவற்றைத் தலைக்கு மேலுள்ள பொதித்தட்டில் வைக்கற்க. மாணவரின் பவர் பாங்க் அவரது பைக்குள்ளே, அப்பொதித்தட்டிலேயே இருந்தது. "தம்பி, அதை எடுத்துக் கையில் வைத்திருக்கலாமே" என்றோம். அவர் சொன்ன மறுமொழி இது:

"சேர், போனை நிப்பாட்டாட்டில் பிளேனுக்கு ஆபத்தெண்டு இருவது வருசமாச் சொன்னவை. ஒருத்தரும் நிப்பாட்டயில்லை, ஒண்டும் நடக்கயில்லை. இதுவும் அப்பிடித்தான். ஏனெண்டு ஒருத்தரும் சொல்லுகினமில்லையே?"

எமக்கு மறுமொழி தெரியவில்லை. "விதியென்றால் விதிதான், தம்பி" என்றோம். ஒன்பதாம் வகுப்பில் நாம் இவ்வாறு சொல்லும்போது சிரிக்கும் அதே சிரிப்பை அவர் சிரித்தார். பை மேலேயே இருந்தது. கட்டுநாயக்கா வரும்வரை நாமும் மேலே பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வீடு திரும்பியபின், எமது பௌதிகவியல் ஆசிரிய நண்பரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு இவ்விதிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி அங்கே கிடைத்தது.

இவ்விதி கைத்தொலைபேசிக்கு முற்பட்டது. 1950களின் பிற்பகுதியிற் கையிற் கொண்டுசெல்லத்தக்க பண்பலை வானொலிப் பெட்டிகள் பெருகின. அவை விமானத்தின் திசையறி கருவிகளைக் குழப்புகின்றனவோ என அமெரிக்கப் பொறியியலாளர் ஐயுற்றனர். 'வானொலிப் பெட்டி கேட்கும் கருவியன்றோ, அஃது எவ்வாறு குழப்பும்?' என்று நாமும் வினவினோம். நண்பர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். 98 மெகாஹேட்ஸ் மீடிறனில் ஒலிபரப்பும் நிலையத்தைக் கேட்க வேண்டுமாயின், பெட்டிக்குள்ளே அதனினும் 10.7 மெகாஹேட்ஸ் கூடிய வேறோர் அலை, அதாவது 108.7 மெகாஹேட்ஸ் அலை, பிறப்பிக்கப்படுகின்றது. அதிற் சிறிதளவு வெளியே கசியும். விமானத்திற்குத் திசைகாட்டும் தரை நிலையங்கள் பேசுவதோ 108 முதல் 118 மெகாஹேட்ஸ் வரையான வெளியில். கேட்கும் பெட்டியும் மெல்ல முணுமுணுக்கிறது. அம்முணுமுணுப்பு விமானியின் காதிலேயே விழுகிறது. 1961 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆட்சியகம் பண்பலை வானொலிப் பெட்டிகளை விமானத்தில் இயக்குவதைத் தடைசெய்தது. 1966 இல், எக்கருவி தீங்கற்றது என்று துணியும் பொறுப்பு விமானத்தை இயக்குவோரிடம் விடப்பட்டது. காதுகேட்கும் கருவி, இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி, ஒலிப்பதிவுக் கருவி, மின்சாரச் சவரக் கருவி ஆகியவற்றுக்கு விதியிலேயே விலக்கு உண்டு. (இறுதியாகச் சொன்னதற்குச் சலுகை ஏன் வந்தது என்று நண்பரைக் கேட்டோம், அவரும் தம் முகத்தைத் தடவிக்கொண்டார்.)

ஆகவே முதற்காரணம் மெய்க்காரணமே. தீங்கு உண்டென்று காட்டினாலன்றித் தடுக்கலாகாது என்பது ஒரு முறை. தீங்கில்லை என்று காட்டினாலன்றி விடலாகாது என்பது மற்றொரு முறை. நிலத்தில் முன்னையது பொருந்தும். முப்பத்தையாயிரம் அடி உயரத்திற் பின்னையதே அறிவுடைமை. அக்கருவிகள் தம்மளவிற் சிறியன என்று இகழ்வதும் தகாது. 2014 இல் அமெரிக்க ஆட்சியகம் போயிங் 737, 777 வகை விமானங்கள் சிலவற்றின் விமானியறைக் காட்சித்திரைகளை மாற்றுமாறு பணித்தது. வைஃபை அலைகளைச் செலுத்திச் சோதித்தபொழுது அத்திரைகள் வெறிதாகியமையே காரணம்.

கைத்தொலைபேசி வந்தபின் காரணம் சற்றே இடம் மாறிற்று. 1991 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, பறக்கும் விமானத்திற் கைத்தொலைபேசியைத் தடைசெய்தபொழுது, அவர்கள் காக்க முனைந்தது விமானத்தையன்று. நிலத்திலுள்ள தொலைபேசிக் கோபுரங்களையே. தரையில் நிற்பவனின் தொலைபேசியை அயலிலுள்ள இரண்டொரு கோபுரங்களே காணும். வானத்திலிருப்பவனுடையதை ஒரே வேளையில் எண்ணற்ற கோபுரங்கள் காணும். ஒரே மீடிறனைப் பல இடங்களிற் பங்கிட்டுப் பயன்படுத்தும் ஒழுங்கு அதனாற் குலையும். இதனைப் பயணிகளிடம் எவரேனும் எடுத்துச் சொன்னார்களா? நாம் கேட்டதில்லை. 'விமானத்திற்கு ஆபத்து' என்ற பழைய காரணத்தையே எல்லாவற்றுக்கும் போர்வையாகப் போர்த்தினர்.

போர்வை 2013 இல் விலகிற்று. அவ்வாண்டு அமெரிக்க ஆட்சியகம் நியமித்த குழு, பெரும்பாலான பயணிகள் விமானங்கள் இக்கருவிகளின் அலைகளைத் தாங்கவல்லன என்று கண்டது. ஒக்ரோபர் 31 ஆந் திகதி, தம் விமானங்கள் தாங்கும் என்று காட்டும் நிறுவனங்கள், புறப்பாடு முதல் இறங்கும்வரை சிறு கருவிகளைப் பறப்பு நிலையில் வைத்துப் பயன்படுத்த விடலாம் என அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஐரோப்பியரும் அவ்வாறே செய்தனர். 2014 செப்டெம்பரில் ஒருபடி மேலே சென்று, சோதித்துத் தேறிய விமானங்களிற் பறப்பு நிலையுமின்றிப் பயன்படுத்த வழிசெய்தனர். அதற்கு முன்னரே, 2008 இல், டுபாயைத் தளமாகக் கொண்ட எமிரேற்ஸ் நிறுவனம் வானத்திற் பேசவே இடமளித்துவிட்டது. விமானத்துக்குள்ளேயே சிறியதொரு கோபுரத்தை வைத்தால், தொலைபேசி தொலைவிலுள்ள கோபுரத்தைத் தேடி உரத்துக் கூவ வேண்டுவதில்லை. பயணிகள் இவற்றையெல்லாம் கண்டனர். 'அப்படியாயின் இத்தனை ஆண்டும் எம்மை ஏய்த்தனரோ?' என்று எண்ணினர். எமது மாணவர் எண்ணியதும் அதுவே.

தடை முழுப் பொய்யன்று என்பது மேலே கூறியவற்றால் விளங்கும். ஆயினும் விதிக்குரியோர் ஒரு பிழை செய்தனர். காரணம் பலவாக இருக்க, ஒன்றையே சொன்னார்கள்; அவ்வொன்று தளர்ந்தபொழுது ஏனையவையும் தளர்ந்தனவாகப் பயணி கொண்டுவிட்டான்.

ஏனைய காரணங்களுள் ஒன்று கவனம். இதற்குச் சான்று பயணிகளிடத்தினும் விமானிகளிடத்தே தெளிவாக உண்டு. 2009 ஒக்ரோபர் 21 ஆந் திகதி, சன் டியேகோவிலிருந்து மினியாப்பொலிசுக்குச் சென்ற விமானமொன்று, 144 பயணிகளோடு, இறங்கவேண்டிய நகரைக் கடந்து நூறு மைலுக்கும் மேலாகப் பறந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் தரையிலிருந்து அழைத்தவர்க்கு மறுமொழி இல்லை. விமானிகள் இருவரும் தத்தம் மடிக்கணினியைத் திறந்து, புதிய வேலை நேர ஒழுங்கைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தனராம்! பணிப்பெண் அழைத்து எப்பொழுது இறங்குவோம் என்று கேட்டபின்னரே இருவரும் நிலையுணர்ந்தனர். மறுவருடம் மே மாதம், டார்வினிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த அவுஸ்திரேலிய விமானமொன்றின் தலைமை விமானி, நிறுத்த மறந்த தம் கைத்தொலைபேசிக்கு இறங்கும் வேளையிற் செய்திகள் வந்து ஒலிக்க, அதிலே கருத்தைச் செலுத்தினார். சக்கரங்களை உரிய நேரத்தில் இறக்கத் தவறினர். தரைக்கு ஐந்நூறு அடிக்குங் கீழே வந்தபின் மீண்டும் மேலெழுந்து சுற்றிவர நேர்ந்தது. இரண்டிலும் எவர்க்கும் ஊறில்லை. அலைகளும் எக்கருவியையும் குழப்பவில்லை. குழம்பியது மனிதர் மனமே. 2014 இல் அமெரிக்கா விமானிகள் தம் சொந்த அலுவலுக்கு இக்கருவிகளைப் பயன்படுத்துவதை விதியாகவே தடுத்தது.

பயணிக்கும் இஃது ஓரளவு பொருந்தும். புறப்படும் வேளையும் இறங்கும் வேளையுமே இடர் மிக்கவை. அவ்வேளையில் மடிக்கணினியை உள்ளே வைக்கச் சொல்வது அலைக்காக அன்று. அதிர்ச்சி நேரின் அது பறந்து பிறர் தலையைத் தாக்கும். வெளியேறுவார் காலை இடறும். இவ்வளவுதான் காரணம். சொல்ல எத்தனை நொடி ஆகும்?

இனி, மாணவரின் பைக்கு வருவோம். இன்றைய பெருங்காரணம் நெருப்பு. இலிதியம் மின்கலத்தினுள்ளே ஒரு பழுது நேர்ந்து ஓரறை சூடேறினால், அச்சூடு அடுத்த அறையையும் மூட்டும். மூண்டபின் தானாக அடங்காது. சுவாலையை அணைத்தபின்னும் நீரூற்றிக் குளிர்வித்தாலன்றி மீண்டும் பற்றும். அதனாலேயே மேலதிக மின்கலங்களையும் பவர் பாங்குகளையும் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கலாகாது என்பர். ஆங்கே மூண்டால் காண்பாரும் இல்லை, நீரூற்றுவாரும் இல்லை. 2010 செப்டெம்பர் 3 ஆந் திகதி டுபாயிலிருந்து புறப்பட்ட சரக்கு விமானமொன்றில், இலிதியம் மின்கலங்கள் இருந்த பொதிகளிடையே தீ மூண்டு, விமானிகள் இருவரும் மாண்டனர்.

2025 சனவரி 28 ஆந் திகதி, தென்கொரியாவின் பூசான் நகருக்கான கிம்ஹே விமான நிலையத்திற் புறப்படக் காத்திருந்த எயார்பஸ் விமானத்தின் பொதித்தட்டிலே தீப்பற்றிற்று. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினர். விமானத்தின் கூரை எரிந்து திறந்துபோயிற்று. பவர் பாங்க் ஒன்றே காரணமாயிருத்தல் கூடும் என ஆராய்ந்தோர் கூறினர். விமானம் வானேறியிருப்பின் என்னாகும் என்று எண்ணவும் எமக்கு விருப்பமில்லை. மார்ச் முதலாந் திகதி தொடக்கம் கொரியாவிலே பவர் பாங்கைப் பொதித்தட்டில் வைத்தல் தடுக்கப்பட்டது. ஏப்பிரல் முதல் சிங்கப்பூர் விமான நிறுவனமும், ஒக்ரோபர் முதல் எமிரேற்சும் பறக்கும்போது அதனைப் பயன்படுத்துவதைத் தடுத்தன. மேலே மூடிய தட்டில் புகை எழுந்தால் அறியுமுன் காலங் கடந்துவிடும். கையிலோ காலடியிலோ சூடேறினால் உடனே அறியலாம், நீரூற்றலாம். விதியின் பொருள் இதுவே.

விதிக்குரியோரும் இதில் ஒரு நிலையில் நின்றாரல்லர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2017 மார்ச்சில், குண்டு அச்சங் காரணமாக, எட்டு நாடுகளின் பத்து விமான நிலையங்களிலிருந்து வருவோர் கைத்தொலைபேசியினும் பெரிய கருவிகளைச் சரக்கறைக்கே அனுப்புமாறு அமெரிக்கா பணித்தது. நெருப்புக்கு அஞ்சி மேலே வை என்பது ஒரு விதி. வெடிக்கு அஞ்சிக் கீழே வை என்பது மற்றொன்று. சில மாதங்களில் அது நீங்கிற்று. இரண்டிற்கும் காரணம் உண்டு. ஆயின் காரணமறியாத பயணிக்கு இரண்டும் வெறும் ஆட்டுவிப்பாகவே தோன்றியிருக்கும்.

காரணஞ் சொல்லப் புகுந்தால் பயணிகள் ஒவ்வொருவரும் நியாயாதிபதிகளாகிவிடுவர், வானத்தில் வாதத்துக்கு நேரமில்லை என்று சிலர் கூறுவர். வானத்தில் நேரமில்லை என்பதை நாமும் உடன்படுகின்றோம். பணிப்பெண் சொன்னால் அக்கணமே செய்தல் வேண்டும். ஆனால் காரணம் வாதத்தை வளர்க்கும் என்பதை உடன்படோம். உயிர்வளி முகமூடியைத் தாம் அணிந்தபின்னரே குழந்தைக்கு அணிக என்பர். தாயுள்ளத்துக்கு இதனினும் கடிய கட்டளை உண்டோ? அவ்வுயரத்திற் சில நொடிகளில் அறிவு மயங்கும், மயங்கிய தாயாற் குழந்தையைக் காக்க இயலாது என்று விளங்கிக்கொண்ட தாய் அதனை மறுப்பதில்லை. எமது வகுப்பறைச் சுவரிலும் காரணமில்லாத விதிகள் சில தொங்குகின்றன என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தது. அவற்றுள் இரண்டுக்கு எமக்கே காரணந் தெரியவில்லை, கழற்றிவிட்டோம்.

வானத்தில் உரத்துப் பேசுவதற்கு அமெரிக்கத் தடை இன்னும் நிற்கின்றது. அதனை நீக்க 2013 இல் ஆணைக்குழு முன்வைத்த யோசனை 2020 இற் கைவிடப்பட்டது. தடை நிற்பதே நன்று என்பது எமது கருத்து. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் இரவுப் பேருந்தில், அநுராதபுரந் தாண்டியும் ஓயாத ஒருவரது காணி வழக்கைக் கேட்டுக்கொண்டு வந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அத்தடைக்கு மெய்க்காரணம் அயலிருப்பவரின் அமைதி என்றால், அதனையே வாய்திறந்து சொல்லட்டும். விமானம் விழும் என்று அச்சுறுத்த வேண்டா.

விழா முடிந்து மீளும் அன்பர்கள் பவர் பாங்கைக் கைப்பையிலேயே கொண்டுசெல்க. நூறு உவாற்று மணிக்கு மேற்படாதவையே பொதுவாகத் தனி அனுமதியின்றி விடப்படும். 20,000 மில்லியம்பியர் மணி என்று பொறித்தது 3.7 உவோல்ற்றாற் பெருக்க 74 உவாற்று மணியாகும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறுபடும் ஆதலின் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளல் நலம். வீங்கியதையும் கீழே விழுந்து நசுங்கியதையும் இங்கேயே விட்டுச் செல்க. கணக்காளராகிய எம் மாணவருக்கு இம்மலரின் படியொன்றை அஞ்சலில் அனுப்புகின்றோம். அன்று கடனாக நின்ற மறுமொழி இப்பக்கங்களில் இருக்கின்றது.