கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

80 ரூபாய், 120 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 ஏப்ரல் 17. கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம். குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தொழிற்சாலைகள் ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கிக்கொள்ளலாம். ஆறு மணி நேரம் உழைத்தால் அரை மணி இடைவேளை. சரி, கூடுதல் நேரத்துக்குச் சம்பளம்? அதற்கு அந்த அறிவிக்கையே ஓர் உதாரணம் சொன்னது. எட்டு மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்றால், 12 மணி நேரத்துக்கு 120 ரூபாய்.

கணக்கு சரிதானே சார் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கென்றால் சரிதான். ஆனால், அன்று அமலில் இருந்த 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் போட்ட கணக்கு வேறு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் அல்லது வாரத்துக்கு 48 மணி நேரம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம்.

அறிவிக்கை சொன்ன அதே 80 ரூபாய்க் கூலியை வைத்துப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் 72 மணி நேரம் உழைத்தவருக்கு முதல் 48 மணிக்கு 480 ரூபாய். மீதி 24 மணிக்கு இரட்டிப்பாக இன்னொரு 480 ரூபாய். ஆக மொத்தம் 960. அறிவிக்கைப்படி கிடைப்பதோ 720. வாரத்துக்கு 240 ரூபாய் தொழிலாளியின் பாக்கெட்டிலிருந்து முதலாளியின் பாக்கெட்டுக்குப் போகிறது. அதை எடுத்துக் கொடுத்தது அரசாங்கம். அதற்குப் பெயர் நிவாரணம்!

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள். இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

குஜராத்தை மட்டும் குறை சொல்லவில்லை. இதில் கட்சி பேதமே கிடையாது. காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தானும் பஞ்சாபும் இதே 12 மணி நேரத்துக்குக் கதவைத் திறந்தன. உத்தரப்பிரதேசம் ஒரு படி மேலே போனது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் போன்ற சிலவற்றைத் தவிர, மற்ற தொழிலாளர் சட்டங்களை மூன்று வருடங்களுக்கு மூட்டை கட்டி வைக்கும் அவசரச் சட்டத்துக்கு 2020 மே மாதம் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மே 8 அன்று 12 மணி நேர வேலைக்குத் தனி உத்தரவு. அதே மே 8 விடியற்காலையில்தான் மகாராஷ்டிராவில், அப்போது அவுரங்காபாத் என்று அழைக்கப்பட்ட ஊர் அருகே, சொந்த ஊருக்கு நடந்தே கிளம்பித் தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். நாடு அந்தத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சில தலைமைச் செயலகங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இதைப் படிக்கும் நீங்களே ஒரு சின்னப் பட்டறையோ பின்னலாடை யூனிட்டோ நடத்துபவராக இருக்கலாம். 'எங்க கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்? ஆர்டர் இல்ல, வாடகை நிக்கல, பேங்க் வட்டி நிக்கல' என்று கோபம் வரலாம். நியாயமான கோபம்தான். நானும் உங்கள் பக்கத்திலிருந்தே கேட்கிறேன். உங்களுக்கு அப்போது தேவைப்பட்டது என்ன? ஆர்டரே இல்லாதவருக்கு 12 மணி நேர வேலைநாள் எதற்கு? தலையே வழுக்கையாக இருப்பவருக்குச் சீப்பு கொடுத்த கதைதான். ஆர்டர் கையில் இருந்தவர்களுக்குத்தான் அது லாபம்.

உங்களை நடத்திய விதத்தையும் பாருங்கள். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. ஊரடங்கில் கடை, ஆலை மூடியிருந்தாலும் தொழிலாளிக்கு முழுச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்றது. நல்ல உத்தரவுதான். ஆனால், அந்தச் சம்பளத்துக்கு அரசு தன் பங்காக ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்கவில்லை. முதலாளிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மே 18 முதல் அந்த உத்தரவே காணாமல் போனது. அந்த நாட்களுக்கான சம்பளத்தை இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூன் 12 அன்று நீதிமன்றம் சொன்னது.

அதாவது, முதலில் முதலாளியைப் பார்த்து 'நீ தாங்கு' என்றார்கள். பிறகு தொழிலாளியைப் பார்த்து 'நீ தாங்கு' என்றார்கள். கஜானா மட்டும் தாங்கவே இல்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 100 பேர் வரை வேலை செய்யும், பெரும்பாலானோர் 15,000 ரூபாய்க்குக் கீழ் வாங்கும் நிறுவனங்களுக்குச் சில மாதங்கள் பி.எஃப். பணத்தை மத்திய அரசு கட்டியது. பிணையில்லாத வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. ஆனால், கடன் என்பது திருப்பிக் கட்ட வேண்டியதுதானே! அதே 2020-ல் பிரிட்டனில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைக்கப்பட்டவரின் சம்பளத்தில் 80 சதவிகிதத்தை, மாதம் 2,500 பவுண்ட் வரை, அரசே கொடுத்தது. அங்கேயும் முதலாளித்துவ அரசாங்கம்தான்.

'ஆள் குறைவாக வந்தால்தான் சமூக இடைவெளி இருக்கும், அதனால்தான் 12 மணி நேரம்' என்று ஒரு காரணமும் சொல்லப்பட்டது. மூன்று ஷிஃப்டை இரண்டாக்கினால் மூன்று பேர் வேலையை இரண்டு பேர் செய்வார்கள். அந்த மூன்றாவது ஆள் எங்கே போவார்? அவர் வீட்டு அடுப்புக்கு எந்த அறிவிக்கை பதில் சொன்னது?

நல்லவேளை, நீதிமன்றம் விழித்துக்கொண்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனதும், மே 15 அன்று உ.பி. தன் 12 மணி நேர உத்தரவை வாபஸ் வாங்கியது. குஜராத் அறிவிக்கையை 2020 அக்டோபர் 1 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ரத்து செய்தது. சட்டம் சொல்லும் 'பொது நெருக்கடி' என்பது போர், அந்நியத் தாக்குதல், உள்நாட்டுக் குழப்பத்தால் நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து வருவது. பெருந்தொற்றால் வந்த பொருளாதாரச் சிக்கல் அதில் வராது என்றது. அத்தனை நாள் ஓவர்டைமுக்கும் இரட்டைச் சம்பளம் கொடுக்கச் சொன்னது.

அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்னால், 2020 செப்டம்பரில், நாடாளுமன்றத்தில் ஒரு காரியம் நடந்தது. பணியிடப் பாதுகாப்பு பற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கும் வந்துவிட்டது. 8 மணி நேரம், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கின்றன. கூடவே, 'பொது நெருக்கடி, பேரிடர் அல்லது பெருந்தொற்று' வந்தால் எந்தப் பணியிடத்துக்கும் எந்தப் பிரிவிலிருந்தும் அரசு விலக்கு கொடுக்கலாம் என்ற வரியும் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு வருடம் வரை. பழைய சட்டத்தில் பெருந்தொற்று இல்லை என்று நீதிமன்றம் சொல்வதற்குள், புதிய சட்டத்தில் அதை எழுதியே வைத்துவிட்டார்கள்!

பெருந்தொற்று வந்தால்தானே என்று நினைக்கிறீர்களா? 2023 ஏப்ரல் 21 அன்று நம் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியபோது எந்தத் தொற்றும் இல்லை. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் வாபஸ் என்று அறிவித்தார். சிங்காரவேலர் இதே சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அப்போது சரியாக 100 வருடம். மக்கள் சத்தம் போட்டால் காது கேட்கிறது என்பதற்கு இது சாட்சி.

ஆகவே, அடுத்த நெருக்கடி வருவதற்குள் இரண்டு கேள்விகளைக் கேட்டு வைப்போம். உங்கள் எம்.பி.யிடம்: ஒரு வருட விலக்கை ஓர் அதிகாரியின் கையெழுத்து கொடுக்கலாம் என்றால், அதை முப்பது நாளுக்குள் சபையில் வைத்து ஓட்டெடுக்க வேண்டும் என்று ஏன் எழுதவில்லை? உங்கள் எம்.எல்.ஏ.விடம்: சின்ன முதலாளிக்கு உதவ வேண்டும் என்றால் வாடகை, வட்டி, மின் கட்டணத்தில் கஜானா எவ்வளவு தரும்?

பிள்ளையாருக்குத் தாராளமாக உடைக்கட்டும். தேங்காயை மட்டும் சொந்தக் காசில் வாங்கி வரச் சொல்லுங்கள்.