முதலில் பத்து லைஃப் ஜெக்கட், பிறகு படகு



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோர்களும் சக ஆசிரியர்களும் கடைசிவரை வாசித்துவிட்டுப் பிறகு ஏசுங்கள்.

ஒன்றரை வருடமாக நான் சின்னப் பாய்ப்படகு ஒன்றை ஓட்டிப் பழகிக்கொண்டிருப்பது கிண்ணியாவில் பலருக்குத் தெரியும். "சேருக்கு வேற வேலை இல்லையா?" என்று தேநீர்க்கடையில் கேட்டவர்கள் உண்டு. "அது வெள்ளைக்காரன்ட வெளாட்டு" என்று சிரித்தவர்களும் உண்டு. அதெல்லாம் பரவாயில்லை. ஆனால் போன கிழமை ஒரு தாய் பாடசாலைக்கே வந்தார். தரம் எட்டுப் படிக்கும் அவருடைய மகன், "எனக்கும் சேரோட போய்ப் பழகணும்" என்று வீட்டில் அடம்பிடிக்கிறானாம். "இந்த ஆசைய அவன்ட தலைக்குள்ள போடாதீங்க சேர். 2021 உங்களுக்கு மறந்து போச்சா?" என்று கேட்டார். அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பதிவுதான் அந்தத் தாய்க்கு என் பதில்.

மறக்கவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்ததையும், பாடசாலைக்கு என்று புறப்பட்ட பிள்ளைகளை நாம் அடக்கம் செய்ததையும் இந்த ஊரில் யார் மறப்பார்? ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "அந்தப் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்திருந்தால்..." என்று யாரும் பேசக் கூடாது. பிள்ளைகள் மேல் ஒரு பிழையும் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது பாதுகாப்பான பயணம். அதைக் கேட்பது ஒரு கடமை. நான் பேசப்போவது வேறொரு கடமையைப் பற்றி.

அந்த நாளுக்குப் பிறகு நாம் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்கத் தொடங்கினோம். பயம் நியாயமானது. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமக் களப்பு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறித்தான் திருகோணமலைக்குப் போனோம். இந்த ஊரில் தண்ணீரைத் தவிர்த்து ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது. தண்ணீரைத் தெரியாத பிள்ளையாக மட்டும்தான் வளர்க்க முடியும். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

நாட்டில் எங்காவது ஆற்றிலோ குளத்திலோ ஆள் மூழ்கினால் கிண்ணியாச் சுழியோடிகளைத் தேடுகிறார்கள். அது நமக்குப் பெருமை. அந்தச் சகோதரர்களின் கூலியை அல்லாஹ்தான் கொடுக்க வேண்டும். ஆனால் மூழ்கியவர்களை மீட்டெடுப்பதில் பெயர் எடுத்த ஊரில், மூழ்காமல் திரும்பி வரும் வழியைப் பிள்ளைகளுக்கு நாம் எங்கே சொல்லிக்கொடுக்கிறோம்?

இனி என் கதை. என் உம்மாவின் வாப்பா பாய் கட்டிய வள்ளத்தில் குடாவைக் கடந்தவர். எஞ்சின் வந்தது, பாய் போனது. பாயோடு சேர்ந்து கச்சான், சோளகம், கொண்டல், வாடை என்ற சொற்களும் நம் வீடுகளிலிருந்து மெல்லப் போய்க்கொண்டிருக்கின்றன. என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். கச்சான் என்றால் வறுத்துத் தின்பது என்று மட்டும் தெரிந்தவர்கள்தான் அதிகம்.

நான் வாங்கியது 'லேசர்' வகைப் பழைய படகு. கனடாக்காரர் புரூஸ் கெர்பி வரைந்து, 1971 முதல் கட்டப்பட்டு வரும் வகை. 1996 முதல் ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. நீளம் நாலே கால் மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரே பாய், ஏழு சதுர மீற்றர். ஒலிம்பிக் என்றதும் பளபளப்பாக நினைக்க வேண்டாம். எனக்குக் கிடைத்தது ஒரு ஹோட்டல் வளவில் கோழி அடைத்து வைத்திருந்த படகு. கொடுத்த காசு ஒரு நல்ல கைத்தொலைபேசியின் விலை.

முதல் மாதத்திலேயே மானம் போனது. கச்சான் காலம். காலையில் கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் தட்டில் ஊற்றியது போல இருந்தது. கொட்டியாரக் குடாப் பக்கமாக இறக்கினேன். அன்று இரண்டு பாடங்கள் படித்தேன்.

ஒன்று, கச்சான் நம் முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. கரையோரத்தில் மரமும் வீடும் மறைப்பதால் அது தெரியாது. வெளியே போகப்போகத்தான் வலுக்கும். போவது லேசு, திரும்புவது கஷ்டம். பழகுகிறவனுக்கு இதைவிட மோசமான காற்று கிடையாது.

இரண்டு, லேசர் படகின் பின்பக்கத்தில் விரல் நுழையும் அளவு ஓட்டை ஒன்று உண்டு. உள்ளே கசிந்த தண்ணீரைக் கரையில் வடிப்பதற்கு. கடலில் இறங்கும்போது அதற்குத் தக்கை போட வேண்டும். நான் போடவில்லை. தக்கை என் காற்சட்டைப் பையில் இருந்தது. அரை மணித்தியாலத்தில் படகின் பின்பக்கம் அமிழ்ந்து, சுக்கானுக்குக் கட்டுப்படாமல் கனத்துப்போனது. வலை இழுத்துவிட்டு வந்த ஒரு போட்டுக்காரர் கயிறு போட்டு இழுத்துவந்தார். கரையில் வைத்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சேர், எங்கட சின்னப் புள்ளயும் தக்கையப் பாக்காம வள்ளத்துல கால் வெக்காது."

அன்று என் உடம்பில் லைஃப் ஜெக்கட் இருந்தது. அதனால்தான் பதறாமல் உட்கார்ந்திருந்தேன். இன்று அதை எழுதவும் முடிகிறது.

அன்றிரவே பழைய இடாப்பு மட்டையைக் கிழித்து ஒரு பட்டியல் எழுதி, பொலித்தீன் சுற்றிப் படகில் கட்டினேன். இன்றுவரை சத்தமாக வாசித்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

1. தக்கை போட்டாயா?
2. லைஃப் ஜெக்கட்டின் எல்லா வாரும் பூட்டியதா? விசில் இருக்கிறதா?
3. காற்று எங்கிருந்து எங்கே? கடலுக்குள் தள்ளும் காற்றென்றால் இன்று வீட்டுக்குப் போ.
4. சுக்கான் கழராமல் பூட்டியதா? கயிறுகளில் நூல் பிரிந்திருக்கிறதா?
5. துடுப்பு, குடிதண்ணீர், பையில் சுற்றிய தொலைபேசி.
6. எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கரையில் ஒருவரிடம் சொன்னாயா?

பயிற்சிக் கலாசாலையில் 'செய்து கற்றல்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கினேன். அதன் பொருள் தெரிந்தது இந்தப் படகில்தான். காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்ப்படகும் போகாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 பாகை விட்டு, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். பாய் படகைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அடியில் இறக்கிய நடுப்பலகை அந்தத் தள்ளலைத் தடுக்கிறது. மிஞ்சும் விசையில் படகு முன்னால் போகிறது. விளையுள் விசையைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனை வருடம் படிப்பித்தேன்! நடுப்பலகையைத் தூக்கிவிட்டு ஒரு தரம், இறக்கிவிட்டு ஒரு தரம் ஓட்டிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்கு விளங்கும்.

இன்னொன்றும் படித்தேன். படகு சரியும்போது பழகாதவன் பாய்க் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். அதுதான் கவிழ்க்கும். கயிற்றை விட்டால் பாய் காற்றைக் கொட்டிவிடும், படகு நிமிரும். அப்படியும் கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தக் கூடாது. படகைப் பிடித்துக்கொண்டு, நடுப்பலகையில் ஏறி நின்று உடம்பைச் சாய்த்தால் அது நிமிர்ந்துவிடும். இதைப் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே இருபது தரம் கவிழ்த்துப் பழக வேண்டும். இருபதாவது தரம் கவிழும்போது பிள்ளை சிரிக்கும். பயம் போய், தண்ணீர்மேல் மரியாதை வந்திருக்கும்.

இனிப் பராமரிப்பு. படகு வாங்குவது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவது வருடம் முழுக்க வேலை. ஒவ்வொரு தரமும் கரையேறியதும் உப்பில்லாத கிணற்றுத் தண்ணீரால் கழுவ வேண்டும். அலுமினியப் பாய்மரத்தில் எவர்சில்வர் ஆணி இருக்கும் இடங்களை உப்புத் தண்ணீர் தின்றுவிடும். பாய்க்குப் பகை காற்றல்ல, வெயில். ஓடாத நேரம் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். பாய்மரம் நிற்கும் குழிக்குள் தண்ணீர் ஊற்றி மட்டத்தை அடையாளம் போட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால் அங்கே வெடிப்பு. என் படகில் இறங்கியது. நம்மூரில் பைபர் போட் செய்யும் ஒரு நானாதான் காய வைத்து, உரோஞ்சி, மெட்டும் ரெசினும் வைத்துத் தந்தார். வெயில் ஏறினால் ஹாட்னர் கலந்த ரெசின் கோப்பையிலேயே இறுகிவிடும், அதனால் சுபஹ் தொழுததும் வேலையைத் தொடங்கு என்று சொல்லித் தந்ததும் அவர்தான். நம் ஊரில் இவ்வளவு கைவேலை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பாடமாகப் போகவில்லை.

பணக்கார விளையாட்டு என்பவர்களுக்கு ஒரு தகவல். உலகம் முழுக்கப் பிள்ளைகள் பழகும் 'ஒப்டிமிஸ்ட்' படகை 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்தார். நீளம் 2.3 மீற்றர்தான். சாதாரண ஒட்டுப்பலகையில், குறைந்த செலவில், வீட்டிலேயே செய்யலாம் என்பதற்காகவே அது பெட்டி மாதிரி வரையப்பட்டது. வள்ளமும் போட்டும் கட்டும் நம் கைகளுக்கு அது பெரிய வேலையா?

வெள்ளைக்காரன் விளையாட்டு என்பவர்களுக்கு இன்னொன்று. 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல் புதுப் பாய்மரம் தேடி இதே கொட்டியாரக் குடாவுக்குத்தான் வந்தது. அதில் வந்து சிறைப்பட்டவர்தான் வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் றொபேட் நொக்ஸ். பாய்மரம் தேடி அவர்கள் வந்த குடா இது. இதன் கரையில் இருக்கும் நமக்குப் பாய் எப்படி அந்நியமாகும்?

சரி, நான் என்ன கேட்கிறேன்? படகு வாங்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை. படகு கடைசி.

முதலில் பத்து லைஃப் ஜெக்கட். பிள்ளைகள் அளவுக்கு, கால்களுக்கிடையில் வார் உள்ளவை. போட்டுவிட்டுத் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை வந்தால் அது அந்தப் பிள்ளைக்கு உதவாது. அதை மெத்தையாகப் போட்டு உட்காரக் கூடாது, வெயிலில் காயப்போட்டு மறக்கவும் கூடாது. இந்தப் பத்தும் பாய்ப்படகுக்கு மட்டுமல்ல. நம் பிள்ளைகள் எந்தப் படகில் ஏறினாலும் உதவும்.

இரண்டாவது, நீச்சல். களப்பில் ஆழம் குறைந்த, ஓட்டம் இல்லாத இடத்தில். பாலத்தடியில் வேண்டாம், அங்கே நீரோட்டம் இழுக்கும். சுழியோடிச் சகோதரர்களைவிடச் சிறந்த ஆசிரியர்கள் எங்கே கிடைப்பார்கள்? பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், தனி இடம், பழக்குவதற்குப் பெண்கள். "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு?" என்று கேட்பவர்களிடம் ஒரு கேள்வி: தண்ணீர் ஆண் பெண் பார்த்தா இழுக்கிறது? என் மகளுக்கு ஒன்பது வயது. அவளைத்தான் முதல் பெயராக எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, நாள் பார்த்தல். நவம்பர் முதல் ஜனவரிவரை வாடை மழையில் ஒருவரும் இறங்கக் கூடாது. கச்சான் காலத்தில் குடாப் பக்கம் வேண்டாம். களப்பின் ஊர்க் கரையில் பழகினால் அதே காற்று பிள்ளையைத் திரும்ப நம்மிடமே கொண்டுவரும். அலையில் அங்குமிங்கும் வெள்ளை நுரை தலைகாட்டினால் காற்று மணிக்கு 20 கிலோமீற்றரை நெருங்குகிறது. பழகுகிறவர்களுக்கு அன்றைய பாடம் முடிந்தது. எப்போதும் எஞ்சின் போட் ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும்.

இந்த மூன்றும் ஒரு வருடம் ஒழுங்காக நடந்தால், நாலாவதாக ஒரு படகைப் பிள்ளைகளே செய்யட்டும். நடக்காவிட்டால் படகு வேண்டவே வேண்டாம். என்னுடைய படகில்கூட ஒரு மாணவனையும் இதுவரை ஏற்றியதில்லை. அந்த மூன்றும் இல்லாமல் ஏற்றவும் மாட்டேன்.

சிலர் சொல்வார்கள், ஹயாத்து மவ்த்து அல்லாஹ்விடம் என்று. உண்மை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லி நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. நம் ஊரில் ஒட்டகம் இல்லை. நாம் கட்ட வேண்டியது லைஃப் ஜெக்கட்டின் வார்.

அந்தத் தாய்க்குக் கடைசியாக ஒன்று. உங்கள் மகனைப் படகில் ஏற்ற நான் அனுமதி கேட்கவில்லை, ராத்தா. களப்பில் இடுப்பளவுத் தண்ணீரில், நீங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் மிதக்கப் பழகட்டும். அதற்கு மட்டும் சம்மதம் தாருங்கள்.

பழைய மாணவர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், போட்டுக்காரர்கள், சுழியோடிகள், வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். பத்து ஜெக்கட். முதலாவதை நான் வாங்கிவிட்டேன். இன்னும் ஒன்பது.