கவுன்சிலர் சீட்டு: முதலீடா, வேலையா?

தீபாவளி வந்தால் நம்ம ஓமலூர் பக்கத்தில் இருந்துகூட சில குடும்பங்கள் ரயிலேறி தி.நகர் போய் துணி எடுத்துவிட்டு வருவார்கள். "சேலத்துல இல்லாத கடையா?" என்று கேட்டால் முறைப்பார்கள். சரி, அந்த "தி" யாருப்பா என்று வகுப்பில் நாலு பேரிடம் கேட்டேன். "தியாகராயர்" என்று இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். ஒருத்தன் "பாகவதரா?" என்றான் :-) நாலாவது ஆள் "தெரு நகரா இருக்கும்" என்று முடித்துவிட்டான்.

பாகவதர் இல்லை நண்பர்களே. சர் பிட்டி தியாகராயர். பி.காம் படிக்கிற நமக்கு ரொம்பப் பொருத்தமான ஆள். ஏனென்றால் அவர் முதலில் ஒரு வியாபாரி. தேவாங்கர் சமூகத்தில் 1852-ல் பிறந்தவர். 1876-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கினால் ஒன்று சர்க்கார் உத்தியோகம், இல்லையென்றால் வக்கீல் கோட்டு. இவர் இரண்டையும் விட்டுவிட்டு நெசவு, தோல் என்று தொழிலில் இறங்கினார். அவருடைய நெசவாலையில் சுமார் நூறு தறி ஓடியது. தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு நூறு தறி என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. நூல், சாயம், கூலி, கடன், விற்காமல் தேங்கும் சரக்கு... தினமும் தலைவலிதான்.

அந்தத் தலைவலி போதாதென்று 1882-ல் சென்னை மாநகராட்சி உறுப்பினர் ஆனார். ஆனவர் ஒரு தடவையோடு விடவில்லை. சுமார் நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார்!

நாற்பது வருஷமும் அங்கே என்ன பேசியிருப்பார்கள்? குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர், காலரா, ஆரம்பப்பள்ளி. உள்ளாட்சி என்றால் இதுதான். இதில் பெயரும் வராது, புகழும் வராது. சாக்கடை ஓடினால் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், அடைத்தால் மட்டும் வீட்டு வாசலுக்கே வந்து திட்டுவார்கள். ஒரு முதலாளிக்கு இது எதற்கு என்பதுதான் எனக்கு வந்த முதல் கேள்வி.

"அரசியலில் பெரிய ஆள் ஆக இது ஒரு படிக்கட்டு" என்று சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். நிறைய பேருக்கு அது உண்மையும்கூட. நம்ம பக்கத்து ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டில் மண்டி வைத்து வியாபாரம் செய்த பெரியார் அந்த ஊர் நகரசபைத் தலைவராக இருந்தார். அதே சமயத்தில் சேலம் நகரசபைத் தலைவர், வக்கீல் ராஜாஜி. இரண்டு பேருமே தங்கள் ஊருக்கு நல்லபடி வேலை செய்தவர்கள்தான். ஆனால் 1919-ஐ ஒட்டி இரண்டு பேரும் அந்த நாற்காலியை விட்டு எழுந்து பெரிய அரசியலுக்குப் போய்விட்டார்கள். நகரசபை அவர்களுக்கு வாசல்படி. தாண்டி உள்ளே போனார்கள். அதில் தப்பில்லை.

தியாகராயர் கதை தலைகீழ். அவருக்குப் பெரிய அரசியல் வீடு தேடி வந்தது. 1916-ல் டாக்டர் டி.எம்.நாயர், டாக்டர் நடேசனார் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு அது நீதிக்கட்சி என்றே பெயர் பெற்றது. (நாயரும் இவரும் மாநகராட்சி மன்றத்தில் எதிரும் புதிருமாக இருந்தவர்கள். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தவர் நடேசனார்.) 1920 தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்தது. ஆட்சி அமைக்க கவர்னர் வெலிங்டன் பிரபு தியாகராயரைத்தான் அழைத்தார். சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் பதவி அது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல்வர் ஆனார். அவருக்குப் பிறகு பனகல் அரசர் வந்தார். இவர் கட்சித் தலைவராகவும் மாநகராட்சித் தலைவராகவும் தொடர்ந்தார். மன்றமே தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது 1919 மாநகராட்சிச் சட்டம். அப்படித் தேர்வான முதல் தலைவர் இவர்தான். மேயர் என்ற பட்டம் 1933-ல்தான் வந்தது.

"வாய்ப்புச் செலவு" என்று பொருளாதாரத்தில் படிக்கிறோமே, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு. ரிப்பன் மாளிகை நாற்காலிக்குத் தியாகராயர் கொடுத்த வாய்ப்புச் செலவு முதலமைச்சர் பதவி! இந்த ஒரு உதாரணத்தை வகுப்பில் சொன்னால் அந்தப் பாடத்தை யாரும் மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே இருந்து என்ன சாதித்தார் என்று கேட்பீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1920-ல் ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்குப் போனது. 1925-ல் ஆரம்பக் கல்வி நிதியில் இருந்து இதற்குச் செலவு செய்யக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு கையை விரித்ததும் தடுமாறியது. ஆனால் யோசனை சாகவில்லை. காமராஜர் காலத்தில் 1956-ல் மாநிலத்துக்கே விரிந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவாக வளர்த்தார், 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. இதை எழுதுகிற நானும் படிக்கிற உங்களில் பாதிப் பேரும் அந்தத் தட்டில் சாப்பிட்டவர்கள். கோட்டையில் ஆரம்பித்ததாக நாம் நினைக்கிற திட்டத்தின் முதல் வரி ஒரு மாநகராட்சி மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

இப்போது நம்ம காலத்துக்கு வருவோம்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எங்கே பார்த்தாலும் வேட்பாளர் பட்டியலில் ரியல் எஸ்டேட், ஃபைனான்ஸ், கான்ட்ராக்ட், லாரி ஓனர் என்று தொழில் செய்கிறவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். டீக்கடையில் அவர்களைப் பற்றி ஒரே வாக்கியம்தான்: "போட்டதை எடுக்க வேண்டாமா?" இதை யாரும் கோபமாகச் சொல்வதில்லை. பக்கத்துக் கடைக்காரருக்கு வியாபாரம் எப்படி என்று விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொரு பக்கம், 2016 அக்டோபரில் இருந்து 2022 வரை தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் கவுன்சிலரே கிடையாது. தனி அதிகாரிகள்தான். ஐந்து வருஷத்துக்கு மேல் வார்டுக்கு ஆள் இல்லை, நம்மில் எத்தனை பேர் அதைப் பெரிய விஷயமாகப் பேசினோம்? கவுன்சிலர் என்றால் கமிஷன் வாங்குகிறவர் என்று முடிவு கட்டிவிட்டதால், அவர் இல்லாததும் குறையாகத் தெரியவில்லை.

என் கருத்து இதுதான். வியாபாரி அரசியலுக்கு வருவதில் தப்பே இல்லை. கணக்கு தெரிந்தவன், கூலி கொடுத்துப் பழகியவன், ஒரு ரூபாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கிறவன் மன்றத்தில் இருப்பது நல்லதுதான். அவர் அந்த சீட்டைத் தன் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதுகிறார் என்பதுதான் விஷயம். முதலீடு என்று எழுதினால் லாபம் எடுத்தே தீருவார். வேலை என்று எழுதினால் மட்டுமே நமக்குப் பிழைப்பு.

"அவர் பணக்காரர், சம்பாதிக்க அவசியம் இல்லை" என்று சிலர் சொல்லலாம். இன்றைக்கு நிற்கிறவர்களிலும் பணக்காரர்கள் இருக்கிறார்களே, எடுப்பதை நிறுத்தினார்களா? பணம் இருந்தால் ஆசை அடங்கிவிடும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அதற்காகத் தியாகராயரைச் சாமியாக்கவும் எனக்கு விருப்பம் இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்த காலத்தில் சொத்தும் வரியும் உள்ள சிலருக்குத்தான் ஓட்டு. குடிசையில் இருந்தவருக்கு இல்லை. 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கு எதிரான பக்கத்தில் நின்றார்கள். எம்.சி.ராஜா 1923-ல் கட்சியை விட்டு வெளியேறியதற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். கட்சித் தலைவர் என்ற முறையில் அந்தப் பற்று தியாகராயர் கணக்கிலும் விழும். வரவை மட்டும் எழுதி பற்றை மறைத்தால் அதற்குப் பெயர் பேலன்ஸ் ஷீட் இல்லை.

இருந்தாலும் மிச்சம் என்ன என்று பார்த்தால், முதலமைச்சர் நாற்காலியை விட சாக்கடையும் பள்ளிக்கூடமும் பேசுகிற மன்றம் சின்னது இல்லை என்று நடந்து காட்டிய ஒரு முதலாளி நிற்கிறார். 1925-ல் இறந்தார். அந்தக் காலத்தில் உருவாகி வந்த புது நகருக்கு அவர் பெயரை வைத்தார்கள். அங்கேயே பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை என்று அவர் கூட்டாளிகளும் இருக்கிறார்கள். நாம் பை தூக்கிக்கொண்டு அவர்கள் மேலேயே நடக்கிறோம்.

அடுத்த தடவை உங்கள் வார்டில் ஒரு தொழிலதிபர் கும்பிட்டுக்கொண்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதுவரை இந்த வார்டு பிரச்சனைக்காக எத்தனை தடவை ஆபீஸ் படி ஏறினீர்கள்? உங்கள் தொழிலோ உங்கள் மச்சான் தொழிலோ இந்த மன்றத்தின் டெண்டருக்கு வருமா? நாளைக்கு இதைவிடப் பெரிய பதவி வந்தால் எங்களை என்ன செய்வீர்கள்? கம்பெனிக்குப் பங்கு போடுகிறவன் இதைவிட அதிகமாகக் கேட்பான். நாம் போடுவது ஓட்டு, அதுவும் ஐந்து வருஷத்துக்குத் திருப்பி எடுக்க முடியாத முதல்.

முதல் கேள்விக்கே சிரித்து மழுப்பினால்... மீதி இரண்டையும் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் :-)