முடியரசைக் கைவிட்ட வலதுசாரிகள்

1931 ஏப்ரல் 14, ஸ்பெயின் குடியரசான நாளின் மாலை, மாட்ரிட் நகரின் புவேர்தா தெல் சோல் சதுக்கத்தில் நெரிசல். உள்துறை அமைச்சகத்தின் மூடிய கதவைத் தட்டி, குடியரசின் அரசாங்கத்துக்கு வழிவிடச் சொன்னார் மிகேல் மௌரா. உள்ளே நின்ற சிவில் கார்டு காவலர்கள் அவருக்கு ராணுவ மரியாதை செலுத்தினார்கள். 13ஆம் அல்ஃபோன்ஸோ மன்னரிடம் ஐந்து முறை பிரதமராக இருந்த அந்தோனியோ மௌராவின் மகன் அவர், பக்தியுள்ள கத்தோலிக்கர்.

மன்னரிடம் அமைச்சராக இருந்த நிசெத்தோ அல்காலா ஸமோராவும் இவரும் 1930இல் தொடங்கிய சிறு கட்சிதான் தாராளவாத வலதுசாரிக் குடியரசுக் கட்சி. 1923இல் பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரத்துக்கு இசைந்ததன் மூலம் மன்னரே அரசமைப்பை மீறிவிட்டார்; இனி சொத்தையும் ஒழுங்கையும் சமயத்தையும் காப்பாற்ற வேண்டுமானால் குடியரசுக்குள் இருந்துதான் முடியும் என்பது இவர்களின் வாதம். நிலச் சீர்திருத்தம் வரட்டும், இழப்பீட்டோடு வரட்டும். திருச்சபையும் அரசும் பேசிப் பிரியட்டும்.

இந்த வாதத்தைவிட இவர்களின் பெயருக்குத்தான் மதிப்பு அதிகம். இவர்களே இருக்கிறார்கள், பெரிதாக எதுவும் கெட்டுவிடாது என்று நிலக்கிழாரும் கடைக்காரரும் நம்ப வேண்டியிருந்தது. தற்காலிக அரசுக்கு அல்காலா ஸமோரா தலைவரானதும் மௌரா உள்துறை அமைச்சரானதும் அதனால்தான். ஜூன் தேர்தலில் 470 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தவை முப்பதைக்கூடத் தொடவில்லை.

அதற்குள் மௌரா மத்தளம் ஆகியிருந்தார். மே 11 அன்று மாட்ரிடில் மடங்கள் எரிந்தபோது சிவில் கார்டைக் களமிறக்கத் துடித்தார். சக அமைச்சர்கள் தடுத்தார்கள். அடுத்த சில வாரங்களில் விட்டோரியா ஆயரையும் கர்தினால் செகூராவையும் நாட்டைவிட்டு வெளியேற்றியவரும் அவரே. இடதுசாரிகளுக்கு அவர் பாதிரிகளின் ஆள், கத்தோலிக்கர்களுக்குத் துரோகி.

அக்டோபரில் அரசமைப்பின் 26ஆம் பிரிவு வந்தது. இயேசு சபையைக் கலைப்பது, துறவற சபைகள் பள்ளி நடத்தத் தடை, குருமாருக்கான அரசுச் செலவை நிறுத்துவது எல்லாம் அதில் இருந்தன. இருவரும் பதவி விலகினார்கள். மானமுள்ள முடிவுதான். ஆனால், என் கணிப்பில் கட்சியை முடித்தது இதுவே. உள்ளே இருந்து சட்டத்தை அமல்படுத்தும் கையைத் தளர்த்தியிருக்கலாம். வெளியே போய்க் கத்தோலிக்க வாக்காளர்களைத் திரட்டியிருக்கலாம். இரண்டுக்கும் ஊர்தோறும் ஆள் வேண்டும். இவர்களிடம் இருந்தது பிரமுகர்கள். டிசம்பரில், எந்த அரசமைப்பை எதிர்த்து விலகினாரோ அதே அரசமைப்பின் கீழ் அல்காலா ஸமோரா குடியரசுத் தலைவரானார். (அரசியலில் இதற்கெல்லாம் யாரும் வெட்கப்படுவதில்லை.) கட்சி இரண்டானது, மௌரா தன் பங்குக்குப் பழமைவாதக் குடியரசுக் கட்சி கண்டார்.

காலியான இடத்தைக் கத்தோலிக்க வலதுசாரித் தலைவர் ஹில் ரோப்லெஸ் பிடித்துக்கொண்டார். பங்குக் கோவில்கள், விவசாயச் சங்கங்கள், பெண்கள் அமைப்புகள் என்று அடிமட்டத்திலிருந்து கட்டினார். குடியரசை ஏற்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாமலே 1933இல் அவருடைய செடா கூட்டணி 115 இடங்களுடன் நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய அணியானது. மௌராவுக்கு இருபதுகூட இல்லை.

குடியரசை ஏற்காதவரிடம் பிரதமர் பதவியைத் தர அல்காலா ஸமோரா கடைசிவரை மறுத்தார். அதற்குப் பதிலாக 1935 டிசம்பரில் போர்தெலா வல்யாதாரெஸைப் பிரதமராக்கி, அமைச்சகத்தின் செல்வாக்கைக் கொண்டே ஒரு நடுவழிக் கட்சியை உருவாக்கப் பார்த்தார். வாக்குகளால் கட்ட முடியாததை அதிகாரிகளைக் கொண்டு கட்டும் முயற்சி அது. இவர்கள் எதிர்த்துக் கிளம்பிய பழைய மன்னராட்சியின் தேர்தல் வித்தையேதான். 1936 பிப்ரவரியில் அதுவும் மண்ணைக் கவ்வியது. இடதுசாரிகளின் மக்கள் முன்னணி வென்றது.

வென்றவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, குடியரசுத் தலைவர் அல்காலா ஸமோராவை நீக்கியது. நாடாளுமன்றத்தைத் தேவையில்லாமல் கலைத்தார் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கலைப்பு நடக்காமல் இருந்தால் குற்றம் சாட்டியவர்களுக்குப் பெரும்பான்மையே கிடைத்திருக்காது! ஏப்ரல் 7 அன்று வாக்கெடுப்பு: நீக்க 238, எதிர்த்து 5. பிரதமர் பதவி மறுக்கப்பட்ட கோபத்தில் இருந்த வலதுசாரிகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.