துடைக்கும் முன் படியுங்கள்

அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த பழைய பறவைகள் தூசு படிந்து கிடக்கின்றனவே, அவற்றைக் கழுவித் துலக்கினால் என்ன என்று கேட்போருக்கு என் விடை இது: இப்போது துலக்கும் முறையில் துலக்கவே கூடாது. தூய்மையின் மேல் எனக்குப் பகை இல்லை. இறகைத் துடைப்பது ஆய்வுப் பணி. அதைத் துப்புரவுப் பணிகளின் பட்டியலில் சேர்த்ததில்தான் பிழை இருக்கிறது. அந்த ஒரு பிழை சான்றையும் அழிக்கிறது, ஆளையும் அழிக்கிறது.

முதலில் சான்று. சிகாகோவில் ஆய்வு மாணவர்களாக இருந்த ஷேன் டுபே, கார்ல் ஃபுல்ட்னர் இருவரும் அமெரிக்க அருங்காட்சியகப் பேழைகளிலிருந்து 1,300க்கும் மேற்பட்ட பறவைகளை எடுத்து, ஒரே ஒளியமைப்பில் நிழற்படம் பிடித்து, மார்பிறகின் கருமையை அளந்தனர். பறவை ஆண்டுதோறும் இறகுதிர்த்துப் புதிது பூணுவது. ஆகவே அதன்மேல் ஒட்டிய புகைக்கரி, அது பிடிபட்ட ஆண்டின் காற்றைக் காட்டும். 2017இல் வெளியான அவர்களது முடிவு, 135 ஆண்டுக்கால நிலக்கரிப் புகையின் ஏற்ற இறக்கங்களை அந்த அழுக்கிலிருந்தே வரைந்து காட்டியது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் கூட இறகில் தெரிகிறது. யாரோ ஒரு பொறுப்பாளர் அப்பறவைகளைச் சோப்பு நீரில் முக்கியிருந்தால் இவற்றில் ஒன்றும் மிஞ்சியிராது.

ஸ்வீடனில் இதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1966இல், அருங்காட்சியகப் பறவைகளின் இறகில் பாதரசத்தை அளந்தார்கள். 1940களில் அளவு திடுமென உயர்ந்திருந்தது. விதைநேர்த்திக்குப் பயன்பட்ட பாதரச மருந்தே காரணம் என்று குற்றஞ்சாட்ட உதவியது அந்த இறகுதான்.

இப்போது நம் நகரத்துக்கு வாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883இல் தோன்றியது. அதன் ஹார்ன்பில் மாளிகைச் சேகரிப்பில் 25,000க்கும் மேற்பட்ட பறவைத் தோல்கள் உள்ளன. இதே நகரத்தில் ஆலைப் புகையை அடக்க 1912இல் ஒரு சட்டம் வந்தது. 1915இல் கோப்போலியின் நீர்மின்சாரம் ஆலைகளுக்கு வரத் தொடங்கியது. 1950களின் நடுவில் செம்பூருக்கு அப்பால் மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. செம்பூருக்கு ‘நச்சுவாயு அறை’ என்ற பட்டப்பெயர் பின்னர் ஒட்டிக்கொண்டது. அச்சட்டம் காற்றை மாற்றியதா? மின்சாரம் மாற்றியதா? மாகுல் எவ்வளவு சேர்த்தது? காற்றளவைக் கருவிகள் இல்லாத அந்தக் காலத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவை இறகுகள். சீட்டுகளைப் பார்த்து, இந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் பிடிபட்டவற்றைப் பிரித்தெடுப்பதே முதல் வேலை. (காக்கையும் பருந்தும் உதவா, கரியின்மேல் கரி தெரியாது. வெளிறிய மார்புள்ள சிட்டுக்குருவியும் உண்ணிக்கொக்கும் வேண்டும்.)

இனி ஆள். பழைய தோல்களைப் பூச்சி அரிக்காமல் காத்தது ஆர்செனிக் சோப்பு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருந்தாளர் பெக்கூர் கண்ட கலவை. பின்வந்தோர் பாதரச குளோரைடும் டி.டி.டி.யும் சேர்த்தார்கள். அந்த நஞ்சு ஆவியாகிப் போகவில்லை. தையலோரத்திலும் கால்களிலும் வெண்பொடியாகக் கசிந்து இன்றும் இருக்கிறது. துணியால் ஒரு தட்டுத் தட்டினால் அது காற்றில் ஏறும். நான் பார்த்த ஒரு சேகரிப்பில், பெயர் வேண்டாம், கையுறையும் முகமூடியும் இல்லாமல் அந்தத் துணியைப் பிடித்திருந்தவர் தாராவியிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர். பறவைகளுக்குச் சேர்க்கை எண் இருந்தது. அவருக்கு வருகைப் பதிவேடு கூட அந்தக் கட்டடத்தில் இல்லை. என்ன பொடி அது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதை அறிந்தவர்கள் அருகே வரவில்லை.

தூசை விட்டால் அது ஈரத்தை இழுக்குமே, மும்பையின் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்குமே, தோல்வண்டு அரிக்குமே என்பது நேர்மையான மறுப்பு. ஒப்புகிறேன். ஆனால் அதற்கு மருந்து பேழையின் இறுக்கமும் ஈரப்பதக் கட்டுப்பாடும்தான். பூச்சிக்கு உறைகுளிர்ப் பெட்டி. துடைத்தே ஆகவேண்டுமானால் முதலில் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் நஞ்சைச் சோதியுங்கள். பிறகு வண்ண அளவுகோலோடு நிழற்படம். பிறகு மென்தூரிகை, வலைத்துணி கட்டிய மெல்லிழுப்பு உறிஞ்சி. வேர்ப்பக்கத்திலிருந்து நுனி நோக்கி, இறகின் போக்கிலேயே. எதிர்ப்போக்கில் இழுத்தால் இழைகளைப் பிணைக்கும் நுண்கொக்கிகள் விடுபடும். உயிருள்ள பறவை அலகால் கோதிச் சரிசெய்துகொள்ளும், செத்தது என்ன செய்யும்? எடுத்த கரியை வீசாமல் குப்பியில் இட்டு, அதே சேர்க்கை எண்ணை ஒட்டுங்கள். அதை அளக்க வேதியியலாளர்களைத் தேடி வெளிநாடு போகவேண்டியதில்லை. மாட்டுங்காவுக்கு ஒரு லோக்கல் ரயில் போதும்.

இதற்கெல்லாம் பணமில்லை என்பார்கள். காட்சிக்கூடத்துக்குப் புது விளக்குப் போடப் பணம் இருக்கிறது. அந்த விளக்கு இறகின் நிறத்தை வெளுக்கவைக்கும் என்பது வேறு கதை. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஒப்பந்தப்புள்ளி வெளியிடும்போது, தரை துடைத்தல், கண்ணாடி துடைத்தல், கழிவறை கழுவுதல் என்ற வரிசையிலிருந்து ‘காட்சிப்பொருள் துடைத்தல்’ என்னும் வரியை எடுத்துவிடுங்கள். இதுவரை அந்த வரியின்கீழ் வேலை செய்தவர்களுக்கு ஆர்செனிக் சோதனை செய்து, செலவை நிறுவனமே ஏற்கட்டும்.