சீட்டாட்டமும் செய்யுட் கல்வியும்

சீட்டு என்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரத்தே முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர். அவர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே, 94ஆம் அதிகாரமாகச் சூதினை வைத்துக் கடிந்தார். பொருளை இழந்து, மதிப்பை இழந்து, குடியையும் கெடுத்தோர் கதைகளை நம் முன்னோர் கண்ணாரக் கண்டவர்கள். ஆயினும், சூது வேறு, ஆட்டம் வேறு. பணயம் வைப்பது சூது. அறிவை வைப்பது ஆட்டம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஒதுக்கியதனால், கல்விக்குப் பயன்படத்தக்க ஒரு கருவியையும் நாம் ஒதுக்கிவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதற்குச் சான்றாக யப்பானியர் ஆடும் ஒரு சீட்டாட்டத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1543இல் யப்பானையும் அடைந்தனர். அவர்களோடு சென்ற பண்டங்களுள் சீட்டுக்கட்டும் ஒன்று. போர்த்துக்கேயர் 'கார்த்தா' என வழங்கிய சொல் யப்பானியர் வாயிற் 'கருத்தா' ஆயிற்று. வந்த பொருள் ஒன்றேயாயினும் அது சென்ற வழிகள் இரண்டு. ஒரு வழியிற் சென்ற சீட்டு பணயத்தோடு கூடிச் சூதாயிற்று. அரசின் தடைக்கும் பன்முறை ஆளாயிற்று. மற்றொரு வழியிற் சென்ற சீட்டோ செய்யுளோடு கூடிக் கல்வியாயிற்று. கிளிஞ்சலின் இரு பாதிகளைப் பொருத்தியாடும் பழைய அரண்மனை விளையாட்டொன்று அந்நாட்டில் முன்னரே இருந்தது. அவ்விளையாட்டின் கருத்தும் புதிதாக வந்த சீட்டும் கூடிப் பிறந்ததே செய்யுட் சீட்டாட்டம்.

இவ்வாட்டத்துக்கு அடிப்படையாயுள்ள நூல் 'ஹியாகுனின் இஷ்ஷு' என்பது. நூறு புலவர், ஆளுக்கொரு பாட்டு என்பது அதன் பொருள். 1162 முதல் 1241 வரை வாழ்ந்த புஜிவாரா நோ தெய்க்கா என்னும் புலவர் தொகுத்தது அது. தென்ஜி மன்னரின் பாட்டு முதலாக அமைந்த அந்நூறு பாட்டுக்களைப் பாடியோருள் இருபத்தொருவர் பெண்பாலார். ஒவ்வொரு பாட்டும் முப்பத்தோர் எழுத்தளவிற்று. நம்முடைய உயிர்மெய்யைப் போல மெய்யும் உயிரும் சேர்ந்தொலிப்பதே அவர்கள் எழுத்தாதலின், அக்கணக்கு நமக்கு எளிதில் விளங்கும்.

ஆட்டமுறை இது. வாசிக்குஞ் சீட்டு நூறு. எடுக்குஞ் சீட்டு நூறு. முன்னதில் முழுப்பாட்டும் இருக்கும். பின்னதிற் பாட்டின் கடைசிப் பதினான்கு எழுத்துக்கள் மட்டுமே இருக்கும். எடுக்குஞ் சீட்டுக்களுள் ஐம்பதைத் தெரிந்து, ஆளுக்கு இருபத்தைந்தாக இருவரும் தத்தம் முன்னே மும்மூன்று வரிசையில் விரிப்பர். அவற்றின் இடங்களை மனத்திற் பதிக்கப் பதினைந்து நிமிடம் கொடுக்கப்படும். அதன்பின் வாசிப்போர் பாட்டைத் தொடக்கத்திலிருந்து இசைப்பார். அதன் இறுதி எழுதப்பட்ட சீட்டை முதலிற் தொடுபவர்க்கே அச்சீட்டு உரியது. தம்முன் உள்ள சீட்டுக்கள் யாவும் முதலில் ஒழியப்பெற்றவர் வென்றவராவார். வாசிக்கப்படும் நூறு பாட்டுக்களுள் ஐம்பதுக்குத் தரையிற் சீட்டே இராது. அவை வாசிக்கப்படும்போது கையை அடக்கியிருத்தலும் ஆட்டத்தின் ஒரு பகுதியாம்.

இனி, இதன் நுட்பத்தை நோக்குவோம். நூறு பாட்டுக்களுள் ஏழு பாட்டுக்களை முதலெழுத்து ஒன்றினாலேயே அறிந்துகொள்ளலாம். அவ்வெழுத்தில் தொடங்கும் பாட்டு வேறில்லை. நாற்பத்திரண்டு பாட்டுக்களுக்கு இரண்டெழுத்தும், முப்பத்தேழு பாட்டுக்களுக்கு மூன்றெழுத்தும் வேண்டும். எஞ்சிய பதினான்கும் நான்கு முதல் ஆறெழுத்துவரை கேட்டாலன்றிப் பிரித்தறியப்படா. இவ்வாறு பாட்டைத் துணியச்செய்யும் எழுத்துக்களைக் 'கிமாரிஜி' என்பர். இக்கணக்கோ ஆட்டம் நடக்க நடக்க மாறும். 'உ' என்னும் எழுத்தில் தொடங்கும் பாட்டுக்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று வாசிக்கப்பட்டுவிட்டால், மற்றதனை அறிய 'உ' என்ற ஓரெழுத்தே போதும். ஆகவே, வந்தவை எவை, வராதவை எவை என்பதை மனத்தில் இடையறாது வைத்திருப்பவனே முந்துவான். எங்கள் ஊர்த் திண்ணைகளில் முந்நூற்றுநான்கு ஆடுவோர் இதனை நன்கு உணர்வர். ஓரினத்துக்கு எழுபத்தாறாக நான்கினங்களுக்கும் உள்ள முந்நூற்றுநான்கு புள்ளிகளுள் விழுந்தவை எவை, கையிலிருப்பவை எவை என்று கணக்கு வைப்பவனுக்கே அங்கும் வெற்றி.

மற்றொரு நுட்பமும் உண்டு. எதிரியின் பக்கத்துச் சீட்டை எடுத்தவன் தன் சீட்டொன்றை அவன் பக்கம் அனுப்புவான். தன் பக்கத்துச் சீட்டை எடுத்தாலும் தன் எண்ணிக்கையில் ஒன்றுதான் குறையும். எதிரியினதை எடுத்தாலும் ஒன்றுதான் குறையும். ஆனால், எதனை அனுப்புவது எனத் தேரும் உரிமை பின்னவனுக்கே கிடைக்கின்றது. ஒத்த தொடக்கமுடைய இரு சீட்டுக்களுள் ஒன்றைத் தன்னிடம் வைத்து மற்றதை அனுப்புதல், எதிரி கைகூசும் இடமறிந்து தாக்குதல் முதலிய சூழ்ச்சிகள் யாவும் இவ்வுரிமையாற் பிறப்பன. வாசிக்கப்பட்ட சீட்டு இல்லாத பக்கத்திற் கைவைத்தவன், எதிரியிடமிருந்து ஒரு சீட்டைத் தண்டமாக ஏற்கவேண்டும். விரைவுக்கு ஊதியமும் பதற்றத்துக்குத் தண்டமும் இவ்வாறு ஒருங்கே அமைந்துள்ளன. ஒரே நாளிற் பல ஆட்டம் ஆடுவோர், முந்திய ஆட்டத்துச் சீட்டுக்களின் இடங்களை அறவே மறந்துவிடவும் வேண்டும். நினைத்தலைப் போல மறத்தலும் ஒரு பயிற்சியே என்பதை இவ்வாட்டம் காட்டுகின்றது.

1904ஆம் ஆண்டிற் குரோயிவா ருய்க்கோ என்னும் பத்திரிகையாளர் இவ்வாட்டத்துக்குப் பொதுவிதிகள் வகுத்துத் தோக்கியோவிற் போட்டி நடத்தினார். இன்று, தென்ஜி மன்னருக்குரிய ஓமி ஜிங்கூ என்னும் ஆலயத்தில் ஆண்டுதோறும் தைமாதத்தை ஒட்டி முதன்மைப் போட்டிகள் நிகழ்கின்றன. உயர்பாடசாலை மாணாக்கரின் நாடளாவிய போட்டியும் அங்கேயே நடைபெறுகின்றது. ஆடுவோர் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருவரையொருவர் வணங்குவர், வாசிப்போரையும் வணங்குவர். எச்சீட்டை யார் முதலிற் தொட்டார் என ஐயம் எழின், பெரும்பாலும் இருவருமே பேசித் தீர்ப்பர். நடுவரிடம் ஓடுவதினும் தன் கை பிந்தியதைத் தானே ஒப்புக்கொள்ளுதல் அரிய பண்பு. வாசிப்போருக்குந் தகுதியும் தரமும் வகுக்கப்பட்டுள்ளன. செய்யுளைத் திருத்தமாக இசைத்தல் ஒரு கலையென மதிக்கப்படுவதே இதன் காரணம்.

நம் நிலை யாது? மனனம் நமக்குப் புதிதன்று. ஒரே வேளையில் நூறு செயல்களிற் கருத்தூன்றும் அவதானக் கலையில் வல்ல மேலைப்புலோலிச் சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளை போன்றோர் பிறந்த நாடு இது. இன்றும் குறள் மனனப் போட்டிகள் நடைபெறாமலில்லை. ஆயின், அங்கே ஒருவன் ஒப்புவிக்க மற்றையோர் தம் முறையை நோக்கி வாளாவிருக்கின்றனர். பரிசு வழங்கிய மறுதிங்களே பாட்டும் மறைந்துபோகின்றது. ஒப்புவித்தல் நாவுக்கு மட்டுமே பயிற்சி, செவிக்குப் பயிற்சியன்று. கேள்வியைச் செல்வமாகப் போற்றிய மரபினர் நாம். நம் பாடசாலைகளிற் கேட்கும் பயிற்சி இத்துணை அருகியிருத்தல் வருந்தத்தக்கது.

ஆதலின், நூறு குறட்பாக்களைக் கொண்டு இத்தகைய ஆட்டமொன்றை நம் கல்லூரியிற் தொடங்கல் வேண்டும் என்பது எமது துணிபு. நாற்சீர் முதலடியை வாசிப்போர் இசைக்க, முச்சீர் இரண்டாமடி எழுதிய சீட்டை ஆடுவோர் எடுக்கலாம். குறளின் யாப்பே இதற்கென அமைந்ததுபோல் இருக்கின்றது. ஒவ்வொரு குறளும் எத்தனை எழுத்தில் மற்றவற்றினின்றும் பிரிகின்றது என்னும் பட்டியலை மாணாக்கரே ஆக்கலாம். அப்பட்டியலை ஆக்கி முடிப்பதற்குள் பாதிக் குறள் மனத்திற் பதிந்துவிடும். இதற்கு வேண்டிய பொருள் தடித்த கடதாசியும் மையுமே.

பொருளுணர்ச்சியின்றி ஓசையை மட்டும் துரத்துதல் செய்யுளுக்கு இழுக்கன்றோ எனச் சிலர் வினவலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. முதலெழுத்தைக் கேட்டுப் பாய்பவன் அக்கணத்திற் பாட்டின் பொருளைச் சிந்தியான். ஆட்டம் பொருளைக் கற்பிக்காது, கற்பிக்கவேண்டியவர் ஆசிரியரே. ஆகவே, உரை சொல்லப்படாத குறள் எதுவும் சீட்டில் ஏறலாகாது என்பதை முதல் விதியாக வைப்போம். காசு என்னும் பேச்சே அங்கு எழலாகாது என்பது இரண்டாவது விதி. இவ்விரண்டையும் காப்பின், இளமையில் ஓசையாகப் புகுந்த பாட்டு முதுமையிற் பொருளாக மலரும். மனத்தில் இல்லாத பாட்டு எக்காலத்தும் மலராது.

பழைய மாணவர் தம் கல்லூரிக்குக் கட்டடமும் கேடயமும் அளிப்பது வழக்கம். அவற்றோடு, திங்களுக்கு ஒருமுறை மண்டபத்தில் வந்தமர்ந்து, நல்ல குரலிற் குறள் வாசிக்கும் பணியையும் சிலர் ஏற்பாராக. எதிரே இரு மாணாக்கர் தலைவணங்கி அமர்ந்து, அடுத்த எழுத்துக்காகச் செவிசாய்த்திருக்கும் அந்த ஒரு கணத்து அமைதி, எக்கேடயத்தினும் மேலான கொடையாகும்.