ஆட்சி மாற்றமும் வரி ஏற்றமும்

ஆட்சி மாறினால் நுகர்வு வரி ஏறுமா? ஏறக்கூடும் என்பதற்கு நம் மாநில வரலாறே சான்று. 2011 மே திங்களில் ஆட்சி மாறிற்று. ஜூலை 12 முதலே மதிப்புக் கூட்டு வரியின் 4 விழுக்காட்டு விகிதம் 5 ஆகவும், 12.5 விழுக்காட்டு விகிதம் 14.5 ஆகவும் உயர்ந்தன. அரசின் தொடக்கத்தில் வரி குறைந்தும் இறுதியில் மிகுந்தும் இருக்கும் என்றார் இப்னு கல்தூன். இங்கோ தொடக்கமே ஏற்றம்!

ஜகாத், நிஸாப் உடையோரையே நாடும். நுகர்வு வரியோ ஏழையையும் விடாது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டும் கூலியாளும் சிமெண்டு மூட்டைக்குச் செல்வந்தர் தரும் அதே விழுக்காட்டையே தருகிறார். இன்று சரக்கு, சேவை வரியின் விகிதத்தை ஒன்றிய, மாநில அரசுகளின் மன்றம் வகுக்கிறது. எனினும் பெரம்பலூர் உழவர் வாங்கும் டீசலின் விற்பனை வரி மாநில அரசின் கையில்தான்.

ஆகவே, இலவசங்களை அறிவித்து வாக்குக் கேட்போரிடம் நாம் வினவுவோம்: "அதற்குரிய பணம் எந்த வரியிலிருந்து?" விடை கூறாதவர்க்கு நம் வாக்கு எதற்கு?